சுவர் இல்லாத வீட்டைத் தரையில் தேடுவது

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு எடுக்கும் தங்கை ஒருவர் கேட்டிருந்தார்: "டோங்காட் பக்கத்துச் சிபுடு குகை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்டது என்று பிள்ளைகளிடம் சொன்னேன். ஒரு பையன் எழுந்து, 'அவர்கள் வேட்டையாடித் திரிந்தவர்கள்தானே டீச்சர், அவர்களுக்கு ஏது வீடு?' என்றான். எனக்கும் பதில் தெரியவில்லை. குச்சியும் இலையும் வைத்துக் கட்டியது எப்போதோ மக்கியிருக்கும். அப்புறம் எதைத் தோண்டி எடுத்து, இங்கே மனிதர்கள் குடியிருந்தார்கள் என்று சொல்கிறார்கள்?"

பல வருடம் அகழாய்வுக் குழிகளின் ஓரத்தில் உட்கார்ந்து மண் சலித்தவன் நான். சலித்ததில் விதையையும் கரியையும் பொறுக்கிப் பிரித்தவன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். ஒரு வீட்டில் முதலில் போவது கூரை, அடுத்தது சுவர். கடைசிவரை கிடப்பது தரை. சிபுடுவில் ஆய்வாளர்கள் படித்ததும் தரையைத்தான்.

இதை எனக்கு முதலில் காட்டியவர் என் மாமா. என் ஆயா வாழ்ந்த வீடு டோங்காட்டுக்கு மேற்கே கரும்புக் காட்டுக்குள் இருந்தது. மரச்சட்டத்தில் தகரம் அடித்த வீடு. குடும்பம் அங்கிருந்து பெயர்ந்தபோது தகரத்தையும் கட்டைகளையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான் பெரியவனான பிறகு ஒருநாள் மாமா என்னை அங்கே கூட்டிப் போனார். ஒரு மாமரம் நின்றது, வேறு ஒன்றும் கண்ணில் படவில்லை. மாமா கரும்புச் சோகையைக் காலால் ஒதுக்கினார். சாணி மெழுகி மெழுகி இறுகிப்போன தரை வெளிறித் தட்டையாகக் கிடந்தது. ஒரு மூலையில் மண் செங்கல் நிறத்தில் சிவந்திருந்தது, அது அடுப்பு. அங்கிருந்து பத்து எட்டு தள்ளிச் சாம்பல் கொட்டிய குழி: கரித்துண்டு, கோழி எலும்பு, உடைந்த கிண்ணத்தின் விளிம்பு. வீட்டின் வாசல் எந்தப் பக்கம் இருந்தது என்று நான் கேட்கவே தேவையிருக்கவில்லை. அடுப்பிலிருந்து குழிக்குப் போகும் வழியில் மண் மிதிபட்டு மிதிபட்டுப் பலகை போல ஆகியிருந்தது.

அந்த இடத்துக்கு வயது நாற்பது, ஐம்பது ஆண்டுதான். ஆனால் அடுப்பு, குப்பை, மிதித்த தடம், படுத்த இடம் என்ற இந்த நாலையும் வைத்துத்தான் எழுபதாயிரம் ஆண்டுக்கு முந்தைய குடியிருப்பையும் படிக்கிறார்கள். சுவர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் வேலை நிற்காது.

சரி, அடுப்பிலிருந்து தொடங்கலாம். நெருப்பு எரிந்த மண் சிவக்கும், இறுகும். அதன்மேல் கரி, கரியின்மேல் சாம்பல் என்று அடுக்கு ஒழுங்காக இருந்தால் அது எரிந்த இடத்திலேயே கிடக்கும் அடுப்பு. மூன்றும் கலந்து குவிந்திருந்தால் யாரோ வாரிக் கொட்டியது. வாரிக் கொட்டுகிறவர் அங்கே தங்கப் போகிறவர். ஓர் இரவு ஒதுங்கிவிட்டுப் போகிறவர் சாம்பலை அள்ளிச் சுத்தம் செய்துகொண்டிருக்க மாட்டார். சாம்பல் மேட்டைக் கண்டால் அகழாய்வாளர்கள் மகிழ்ச்சி அடைவது இதனால்தான்.

அடுப்பைச் சுற்றி எது எங்கே விழுகிறது என்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. லூயிஸ் பின்ஃபோர்ட் என்ற அமெரிக்கத் தொல்லியலாளர் அலாஸ்காவில் நுனாமியூட் வேட்டைக்காரர்களோடு உட்கார்ந்து இதைக் கவனித்து 1978-இல் எழுதினார். நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் செதுக்கும்போது தெறிக்கும் சில்லும் எலும்புப் பொடியும் மடியருகே விழுகின்றன. பெரிய எலும்பை முதுகுக்குப் பின்னால் வீசுகிறார்கள். எனவே நெருப்பைச் சுற்றிப் பொடிகளால் ஒரு வளையம், அதற்கு வெளியே பெரிய துண்டுகளால் இன்னொரு வளையம். நம் குடும்பங்கள் விடுமுறைக்குக் கடற்கரையில் நெருப்பு மூட்டி மீலி (மக்காச்சோளம்) சுட்டுத் தின்றுவிட்டு எழுந்துபோன இடத்தை மறுநாள் காலையில் பாருங்கள். நார் காலடியில் கிடக்கும், சக்கை நாலு அடி பின்னால் கிடக்கும். காற்று எந்தப் பக்கம் அடித்தது என்றுகூடச் சொல்லிவிடலாம், புகை வந்த பக்கத்தில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

பொடி மட்டும் கிடக்க வேண்டிய இடத்தில் பொடியே இல்லை என்றால்? அங்கே யாராவது பாய் விரித்திருக்கலாம், அல்லது ஒரு தடுப்பு நின்றிருக்கலாம். கோலம் போட்ட வாசலில் செருப்பு கழற்றி வைத்த இடம் மட்டும் வெறுமையாகத் தெரிவது போல. இப்படி இல்லாத பொருளின் விளிம்பைக் கண்டுபிடிப்பது இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை.

வேட்டையாடிச் சேகரித்து வாழ்பவர்கள் வீட்டை எப்படி நினைத்தார்கள் என்பதற்குக் கலஹாரியின் ஜூஹோவான்சி மக்களிடமிருந்து நிறையத் தெரிந்துகொள்ளலாம். 1950-களில் நமீபியாவின் நையெ நையெ பகுதியில் அவர்களோடு வாழ்ந்த லோர்னா மார்ஷல் எழுதியிருக்கிறார்: குடிசை போடுவது பெண்களின் வேலை, ஒரு மணி நேரம்கூட ஆகாது. கிளைகளை அரைவட்டமாக ஊன்றி, உச்சியில் வளைத்துக் கட்டி, மேலே புல் போடுவார்கள். பல சமயம் குடிசையே போடாமல் விட்டுவிடுவார்களாம். அப்போதும் சில பெண்கள் இரண்டு குச்சிகளை மட்டும் மண்ணில் நட்டுவைப்பார்கள். அதுதான் வாசல். வாசல் எது என்று தெரிந்தால்தான் நெருப்புக்கு எந்தப் பக்கம் ஆண்கள் உட்கார வேண்டும், எந்தப் பக்கம் பெண்கள் என்று தெரியும். இரண்டு குச்சியில் ஒரு வீடு முழுமையாகிவிடுகிறது. உங்கள் வகுப்புப் பையனுக்கு நான் ஒன்றே ஒன்று சொல்ல முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன்.

1960-களின் கடைசியில் ஜான் யெல்லன் போட்ஸ்வானாவின் டோபே பகுதியில் இதே மக்கள் விட்டுப்போன முகாம்களுக்கு, அங்கே தங்கியிருந்தவர்களையே கூட்டிக்கொண்டு போனார். இங்கே யார் படுத்தார்கள், இந்த ஓடு யார் உடைத்த கொட்டை என்று கேட்டுக் கேட்டு வரைபடம் போட்டார். 16 முகாம்கள். குடிசைகள் வட்டமாக, வாசல் உள்நோக்கி. ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் அடுப்பு. குடிசைக்குள் சாமான்தான் அதிகம் இருக்கும். சமைப்பது, உண்பது, பேசுவது, பெரும்பாலும் தூங்குவதும்கூட அடுப்படியில்தான். குடிசை மக்கிப் போனாலும் அடுப்புகளின் வட்டம் நிலைக்கிறது. எத்தனை அடுப்போ அத்தனை குடும்பம் என்று ஓரளவு கணக்குச் சொல்லலாம்.

இப்போது நம் வீட்டு வாசலுக்கு வருவோம். சிபுடு, டர்பனிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் வடக்கே, கடலிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் உள்ளே, தோங்காத்தி ஆற்றுக்கு மேலே செங்குத்தான மணற்கல் பாறையில் இருக்கிறது. குகை என்று சொல்கிறோமே தவிர அது ஆழமான பொந்து இல்லை, மேலே பாறை நீட்டிக்கொண்டு நிற்கும் நீளமான ஒதுக்கிடம். சுற்றிலும் கரும்பு. நம் பாட்டன் பூட்டன்கள் 1860-க்குப் பிறகு வந்து வெட்டிய அதே கரும்பு மேடுகள். 1998 முதல் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தின் லின் வாட்லி அங்கே அகழாய்வு நடத்தினார். 2011-இலிருந்து ஜெர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழகக் குழு தொடர்ந்தது. 2024 ஜூலையில் டெல்லியில் கூடிய யுனெஸ்கோ குழு, மேற்குக் கேப்பின் டீப்க்ளூஃப், பினகிள் பாயிண்ட் இடங்களோடு இதையும் சேர்த்துப் பட்டியலில் ஏற்றியது.

அங்கே கிடைத்தவற்றில் அம்பு முனை, பசை, துளையிட்ட சிப்பி என்று பேசப் பல உண்டு. நம் கேள்விக்கு வேண்டியது படுக்கை. 2011 டிசம்பரில் வாட்லியும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவின்படி, 77,000 ஆண்டுகளுக்கும் 38,000 ஆண்டுகளுக்கும் இடையில் அந்தத் தரையில் குறைந்தது 15 அடுக்குப் படுக்கைகள் இருக்கின்றன. மிகப் பழையது 77,000 ஆண்டுகளுக்கு முந்தையது. எதனால் ஆன படுக்கை தெரியுமா? கோரை. ஆற்றோரம் ஈரத்தில் வளரும் கோரையும் அதைப் போன்ற புல் வகைகளும். பத்தமடைப் பாய் நெய்வதற்கு நெல்லைச் சீமையில் எந்தக் குடும்பச் செடியை அறுக்கிறார்களோ, அதே குடும்பம்.

கோரை ஏன் முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள். அது பாறைக்கு அடியில், காய்ந்த மண்ணில் தானாக முளைக்காது. காற்று அவ்வளவு கனமாகக் கொண்டுவந்து சேர்க்காது. யாரோ ஆற்றில் இறங்கி, அறுத்து, கட்டாகக் கட்டி, அந்தச் சரிவில் தூக்கிக்கொண்டு ஏறியிருக்க வேண்டும். ஒரு விலங்கு கூடு கட்டக் கொண்டுவந்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அதையும் பார்த்தார்கள். அடுக்கடுக்காக, தட்டையாக, பல அடி பரப்புக்கு அமுங்கிக் கிடக்கிறது, மேலே நடந்து நடந்து மிதித்த அடையாளம் இருக்கிறது. தாள்களுக்கு நடுவே கல் செதுக்கிய சில்லும் எரிந்த எலும்புத் துணுக்கும் சிக்கியிருக்கின்றன.

இந்த மிதித்த அடையாளத்தைப் பார்க்கும் முறை அழகானது. தரையிலிருந்து ஒரு செங்கல் அளவு மண்ணைக் குலையாமல் வெட்டி, பாரிஸ் சாந்து பூசிக் கட்டி எடுத்துப் போகிறார்கள். அதில் பிசின் ஊற்றிக் கல்லாக இறுக்குகிறார்கள். பிறகு அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்க்கிறார்கள். ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியது. அப்படி ஒரு சீவலை முதன்முதலாக நுண்ணோக்கியில் பார்த்த நாளை நான் மறக்கவில்லை. வெறும் கறுப்பு மண் என்று நான் நினைத்ததில், கோடு கோடாகக் கருகிய தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடந்தன. நடுவில் ஒரு சின்ன எலும்புத் துண்டு, விழுந்த இடத்திலேயே மூன்றாக நொறுங்கி, ஆனால் மூன்று துண்டும் பிரியாமல். யாரோ ஒருவருடைய குதிகால் அதன்மேல் விழுந்திருக்கிறது. அதற்கு அப்புறம் யாரும் அதைத் தொடவில்லை.

சிபுடுவின் 77,000 ஆண்டுப் படுக்கையில் இன்னொன்றும் இருந்தது. கோரைக்கு மேலே மெல்லிய ஓர் அடுக்கு இலை. சுற்றிலும் காட்டில் எத்தனையோ மரங்கள் இருந்திருக்கும். இங்கே விரித்திருப்பது கிரிப்டோகேரியா வூடி என்ற மரத்தின் இலை. நம் சமையலறை லவங்கப்பட்டையும் பிரிஞ்சி இலையும் எந்தக் குடும்பமோ, அதே குடும்பம். அந்த இலையில் கொசுவையும் பூச்சியையும் கொல்லும் வேதிப்பொருட்கள் உண்டு. நெல் குதிரில் நொச்சி இலை போட்டுவைத்த பாட்டிமாரின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இலையைத் தேர்ந்தெடுத்து மேலே விரித்திருக்கிறார்கள் என்றால், எந்த இலை எதற்கு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெரியவர்களும் அங்கே இருந்திருக்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

சுமார் 73,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து இன்னொரு பழக்கம் வருகிறது. பழைய படுக்கையை அடிக்கடி கொளுத்தியிருக்கிறார்கள். கிடந்து கிடந்து நாறிப்போன, பூச்சி ஏறிய கோரையை எரித்துவிட்டு, அதன்மேல் புதியது பரப்புவது. இடத்தைவிட்டு ஒரேயடியாகப் போகிறவர் இதைச் செய்ய மாட்டார். திரும்பி வருவோம் என்ற நினைப்பு அந்தச் சாம்பலில் இருக்கிறது. சுமார் 58,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து அடுப்புகளும் சாம்பல் குவியல்களும் படுக்கைகளும் நெருக்கமாக ஆகின்றன. ஆட்கள் கூடியிருக்கலாம், அல்லது அதிக நாள் தங்கியிருக்கலாம்.

ஒன்றில் கவனம் வேண்டும். அடுப்புக்குக் கீழே கருகிய கோரை விதை கிடைத்தால், அதை அடுப்பில் போட்டு வறுத்தார்கள் என்று அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது. முன்னமே மண்ணில் புதைந்திருந்த விதையும் மேலே எரியும் நெருப்பின் சூட்டில் கருகிவிடும். கிறிஸ்டின் சீவர்ஸும் வாட்லியும் விதைகளை மண்ணில் புதைத்து மேலே நெருப்பு மூட்டி இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். தரையைப் படிப்பவர் ஒவ்வொரு தானியத்துக்கும் இப்படி ஒரு சந்தேகத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

சிபுடுவைவிடப் பழைய படுக்கையும் நம் குவாசுலு-நடால் மாகாணத்திலேயே இருக்கிறது. வடக்கே லெபோம்போ மலையில், எஸ்வாத்தினி எல்லையில் இருக்கும் பார்டர் குகை. அங்கே சுமார் 200,000 ஆண்டுகளுக்கு முந்தைய புல் படுக்கையைக் கண்டதாக 2020-இல் வெளியிட்டார்கள். புல்லைச் சாம்பலின் மேல் விரித்திருக்கிறார்கள். ஊர்ந்து வரும் பூச்சி சாம்பலைத் தாண்டாது. கத்தரிச் செடிக்கு அடியில் சாம்பல் தூவியவர்களுக்கு இது தெரியும். சாம்பலில் கற்பூர வாசனையுள்ள புதரின் எரிந்த துணுக்குகளும் இருந்தன. கிழக்கு ஆப்பிரிக்கக் கிராமங்களில் இன்றும் அந்த இலையைப் பூச்சி விரட்டப் பயன்படுத்துகிறார்கள். அந்தப் படுக்கையிலும் கல் செதுக்கிய சில்லுகள் கிடந்தன. பகலில் அதன்மேலேயே உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார்கள்.

"அப்படியானால் அவர்கள் குகை மனிதர்கள்தானே?" என்று பையன் விடாமல் கேட்பான். கேட்க வேண்டும். பெரும்பாலான நாட்கள் அவர்கள் வெட்டவெளியில்தான் இருந்திருப்பார்கள். பாறைக்கு அடியில் மழை விழாது, மண் அரிக்காது, அதனால் அங்கே விட்டுப்போனது மட்டும் நமக்கு மிஞ்சியிருக்கிறது. வெளியில் மிஞ்ச வேண்டுமென்றால் அதிர்ஷ்டம் வேண்டும். கலிலேயக் கடலின் கரையில் 1989-இல் வறட்சியால் நீர் இறங்கியபோது ஓஹாலோ என்ற இடத்தில் 23,000 ஆண்டுகளுக்கு முந்தைய குச்சிக் குடிசைகளின் அடிப்பாகம் தெரிந்தது. தண்ணீருக்கு அடியில் காற்றுப் படாமல் கிடந்ததால் கருகிய கிளையும், அடுப்பைச் சுற்றி விரித்த புல்லும் அப்படியே இருந்தன. நம் நாட்டின் மேற்குக் கரையில், எலண்ட்ஸ் பே அருகே மணல்மேட்டில் ஜான் பார்க்கிங்டன் குழு தோண்டிய முகாம் சில நூறு ஆண்டுகள்தான் பழையது. அங்கே ஒரு குடிசைகூட மிஞ்சவில்லை, ஆனால் அடுப்புகளும் சிப்பிக் குப்பையும் எலும்பும் கிடந்த முறையிலிருந்தே யார் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று பேச முடிகிறது.

கட்டடம் என்று ஆசைப்பட்டு ஏமாந்ததும் உண்டு. பிரான்சின் நீஸ் நகரில் டெர்ரா அமாட்டா என்ற இடத்தை 1966-இல் தோண்டிய ஹென்றி டி லும்லி, கல் வளையங்களையும் கம்பக் குழிகளையும் வைத்துப் பல லட்சம் ஆண்டு பழைய குடிசைகள் என்றார். உலகம் முழுக்கப் பாடப் புத்தகங்களில் அந்தக் குடிசைப் படம் வந்தது. பின்னால் பாவ்லா வில்லா அங்கே கிடைத்த கல் துண்டுகளை உடைந்த சட்டி ஒட்டுவதுபோல ஒட்டிப் பார்த்தார். ஒரே கல்லின் துண்டுகள் வெவ்வேறு அடுக்குகளில் இருந்தன. தனித்தனித் தரைகள் என்று நினைத்தவை கலந்துபோயிருந்தன. ஆரஞ்சு ஆற்றங்கரையில் ஒரேஞ்சியா என்ற இடத்தில் 1960-களில் கார்த் சாம்ப்சன் கண்ட கல் அரைவட்டங்களைக் காற்றுத் தடுப்பின் அடிக்கல் என்று பலரும் ஏற்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன், ஆனால் கோரைப் படுக்கை தரும் உறுதி கல் வளையத்தில் எனக்கு வருவதில்லை. கல்லைத் தண்ணீரும் உருட்டும். கோரையை ஆள்தான் சுமக்க வேண்டும்.

கோரையைப் பற்றி இன்னும் ஒன்று. வடமேற்கில் ரிக்டர்ஸ்வெல்டில் நாமா மக்கள் வளைத்த கம்புகளின் மேல் கோரைப்பாய் போர்த்தி வீடு கட்டுகிறார்கள். அவர்கள் ஆடு மாடு மேய்ப்பவர்கள், சிபுடு மக்களோடு சேர்த்துப் பேசக் கூடாது. ஆனாலும் அந்த வீட்டின் சூட்சுமத்தைப் பாருங்கள்: மழையில் தாள் ஊறிப் பருத்து இடுக்கை அடைத்துக்கொள்ளும், வெயிலில் காய்ந்து சுருங்கிக் காற்றை விடும். புல் தேடிப் போகும்போது வீட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விடலாம். பின்னால் வருகிறவர் பார்க்கும்போது அங்கே இருப்பது ஒரு வட்டத் தரையும் ஓர் அடுப்பும்தான்.

உங்கள் வகுப்புக்கு ஒரு யோசனை. சிமெண்ட் தரையில் சாக்பீஸால் ஒரு மீட்டர் கட்டங்கள் போடுங்கள், அகழாய்வில் போடுவதுபோலவே. நடுவில் ஒரு விளக்கை அடுப்பாக நினைத்து வைத்து, பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து வறுத்த நிலக்கடலை கொடுங்கள். தின்று, பேசி, எழுந்து போகட்டும். யாரையும் பெருக்க விடாதீர்கள். அடுத்து, வெளியில் இருந்த இரண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை ஓடு என்று எண்ணச் சொல்லுங்கள். எத்தனை பேர் உட்கார்ந்தார்கள், யார் சம்மணம் போட்டார்கள், யார் காலை நீட்டினார்கள், எந்தப் பக்கம் வாசல் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். அடுத்த சனிக்கிழமை வரை அப்படியே விட முடிந்தால் இன்னும் நல்லது. ஆட்கள் நடக்கும் வழியில் கிடந்த ஓடெல்லாம் தூளாகியிருக்கும், சுவரோரம் கிடந்தது முழுசாக இருக்கும்.